செல்லத்துரை அண்ணனின் 'ஐ' சொற்கள்

பாசாரில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கூலிமிலிருந்து நண்பன் முருகேசு போனில் கூப்பிட்டான். "அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா. காலையில பசியாற உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்." மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு காருக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

மெர்கோங் ஊரில் உங்களில் பலருக்குச் செல்லத்துரை அண்ணனை நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்தவராகத் தெரியும். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சுதி தவறிப் பாடுகிறவராகத் தெரியும். எனக்கு அவர் ஞாயிறு மத்தியான எதிராளி. அவர் வீட்டு மேசையில் அவரும் மனைவி ரூபி அக்காவும் முருகேசுவும் நானும் எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஸ்கிராபல் விளையாடுவோம். தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மறுநாள் என் அலுவலகத்துக்கே போன் போட்டு, பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

கையில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து குவிந்தால் நாங்கள் தலையில் கை வைப்போம். அவருக்கோ கொண்டாட்டம். அந்த எழுத்தில் முடியும் குட்டிச் சொற்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. கோய் என்பார், வண்ண மீன். லேய் என்பார், ஹவாய்த் தீவின் பூமாலை. "இதெல்லாம் இங்கிலீசா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "கப்பலில வந்து இறங்கி, திரும்பிப் போகாமல் நிண்ட சொல் பிள்ளை. எங்கட ஆக்களும் உம்மட ஆக்களும் மாதிரி" என்றார். அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். என்னுடையவர் மெர்போக் பக்கத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட வந்தவர்.

அந்த மேசைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அவர் போட்டதுதான். சொல்லை வைத்தவர் அதன் கருத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் மற்றவர்கள் மேசையை இரண்டு முறை தட்டுவோம், சொல் செல்லும். தெரியாவிட்டால் காய்களை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் சேர்ந்த புதிதில் 'டூயி' என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கருத்து?"

"ஏதோ ஒண்ணுண்ணே. போன் ஆப்ல இருக்கு லா."

"ஆப்பில இருக்கிறது ஆப்புக்குத் தெரியும். உமக்குத் தெரியுமோ? எடும்."

எடுத்தேன். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நியூசிலாந்துப் பறவை, கழுத்துல வெள்ளைக் குஞ்சம், போதுமா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்டது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சோர்ந்தது, பேச்சு அடியோடு போயிற்று. ஆனால் புத்தி மங்கவில்லை. வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஆட்டத்தில் இடது கையால் மெல்ல மூன்று காய்களை வைத்தார். 'ஓபி'. வழக்கம்போல நிமிர்ந்து வாயைத் திறந்தார். பே, பே என்று ஏதோ வந்தது. மறுபடி முயன்றார். அதுவும் வரவில்லை.

"விடுங்கண்ணே, நாமதானே. யாரு கேக்கப் போறா?" என்று முருகேசு அவசரமாக மேசையைத் தட்டினான். அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைத்த காய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். ரூபி அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க போட்ட சட்டம்தானே, நீங்களே மாத்துங்களேன்!" அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். காய்களைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவ்வளவுதான், இனி இந்த மேசையில் உட்கார மாட்டார் என்று நினைத்தேன்.

அறைவாசல்வரை போனவர், கொடியில் கிடந்த துண்டை இழுத்தார். ஒற்றைக் கையால் தடுமாறித் தடுமாறி அதை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முடிச்சை முதுகுப் பக்கம் தள்ளினார். பிறகு கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, பொடிநடையாக எங்களை நோக்கி வந்தார்.

"ஜப்பான்காரிலா!" என்று அலறினான் முருகேசு. "கிமோனோ மேல கட்டுற பட்டை!" மேசை அதிரத் தட்டினோம். சத்தம் கேட்டு ஓடி வந்த ரூபி அக்கா அவர் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் உட்கார்ந்து அந்த மூன்று காய்களையும் பலகையில் திரும்ப வைத்தார்.

அன்றே நான் சொல்லிவிட்டேன்: "இனிமே இந்த மேசையில யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் நடிச்சுத்தான் காட்டணும்." அண்ணன் இரண்டு முறை தட்டினார். கடைசி ஞாயிறுவரை அப்படித்தான் ஆடினோம். முருகேசு 'ஸ்கி' என்று வைத்துவிட்டு, தொப்பையோடு பனிச்சறுக்கு ஆடிக் காட்டியதை அண்ணன் ஏற்கவில்லை. மூன்றாம் முறை முட்டி வளைந்த பிறகுதான் தட்டினார்.

அடக்கத்தன்று வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்றோம். நண்பர்கள் சார்பில் யாராவது பேசலாம் என்றார் போதகர். முருகேசு என்னைத் தள்ளிவிட்டான். எழுதிக் கொண்டுபோன தாளைப் பிரித்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் தாளை மடித்துவிட்டு, பெட்டியின் விளிம்பில் இரண்டு முறை தட்டினேன். பின்னால் முருகேசு நாற்காலியைத் தட்டினான். ரூபி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைமாட்டில் இரண்டு முறை தட்டினார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ரூபி அக்கா ஒரு 'ஐ' காயை என் கையில் வைத்தார். வேண்டாம் என்று காய்ப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன். ஒரு காய் குறைந்தாலும் ஆட்டம் கெட்டுவிடும், அண்ணன் சும்மா விட மாட்டார். எனக்கு அந்த இரண்டு தட்டு போதும்.