எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு வருட நன்னடத்தையும்

சாக்கோட்டை குழந்தைவேலு இதுவரை அடித்தவர்களின் முழுப் பட்டியல் யாரிடமும் கிடையாது. காவல் நிலையத்தில் இருப்பது பாதிதான். டவுன் பஸ் நடத்துநர் ஒருவர், மைத்துனி கல்யாணத்தில் ரசத்தை ஆறவைத்து ஊற்றியவர், சிமென்ட் கடைக்காரர், கடைக்காரரை ஏன் அடித்தாய் என்று கேட்டவர், கேட்டவருக்குப் பரிந்து பேச வந்தவர். மனிதர்களோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. மஞ்சுவிரட்டில் தன்னை முட்ட வந்த காளையை ஒரு தடவை அவர் கன்னத்தில் அறைந்தார். காளை கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனது.

மற்றபடி நல்ல மனிதர். ஒரு ஜேசிபி வைத்திருக்கிறார், அதை அவரே ஓட்டுகிறார். அதன் பக்கெட் நுனியால் தரையில் கிடக்கும் முட்டையை உடையாமல் தள்ளுவார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த நிதானம் இரும்புக் கையில் இருந்ததே தவிர, தோளில் முளைத்த கைகளுக்கு இறங்கவில்லை.

கடைசியாக அடி வாங்கியவர் காரைக்குடி உபகாரசாமி. ஆய்வகம் ஒன்றில் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது, கோழி எலும்பு உடம்பு. கண்டனூர்ப் பக்கம் பொட்டலில் தன் தொலைநோக்கியை நிறுத்தி வானம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த ஜேசிபியின் விளக்கு நேரே கண்ணில் அடித்தது. "தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்களேன்" என்றார். குழந்தைவேலு மறு பேச்சில்லாமல் விளக்கை அணைத்தார். பிறகு இறங்கிப் போய் அடித்தார். ஒரு கடைவாய்ப் பல்லும் வலது தோள்பட்டையும் போயின.

அதற்குத்தான் தை மாதம் கோட்டாட்சியர் முன்னால் நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. ஒரு வருடத்துக்கு யார் மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் பத்திரத்தில் மிச்சமிருக்கிற நாளெல்லாம் சிறையில். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வாசலில் உபகாரசாமி நின்றார், தோளில் கட்டோடு.

"எந்திரிச்சு நிக்கிறதுக்கே தோளு வலிக்குது. தொலைநோக்கிய யாரு தூக்குறது?" என்றார்.

"அதுக்கு நான் என்ன செய்யணுங்கிறீக?"

"நீதானே ஒடிச்ச? நீதான் தூக்கணும்."

இருபத்தைந்து கிலோ குழாயும் பலகைப் பெட்டியும். குழந்தைவேலு அவற்றைச் சனிக்கிழமைதோறும் உபகாரசாமி வீட்டு மாடிக்கு ஏற்றி இறக்கினார். மூன்றாவது வாரம், ஏற்றிய கூலியாக இருக்கட்டும் என்று ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். வியாழனும் அதைச் சுற்றி நாலு பொட்டும் தெரிந்தன. "யாரு சார் இத அங்க கொண்டு போயி வச்சது?" என்று கேட்டவர், சித்திரை மாதத்துக்குள் தனக்கென்று எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த ஒன்றை வரவழைத்து மொட்டை மாடியில் நிறுத்திவிட்டார்.

அவருடைய மனைவி துர்காதேவிக்குச் சந்தோஷம். "வானத்த எட்டி அடிக்க முடியாதுல்ல" என்றாள்.

வானத்தை அடிக்க முடியாதுதான். ஆனால் தொலைநோக்கியை அடிக்கலாம். மங்கலான நட்சத்திரக் கொத்து ஒன்றைக் கையால் தள்ளித் தள்ளித் தேடுவது என்பது, வைக்கோற்போரில் வைக்கோலைத் தேடுவது. எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஒன்றரை மணி நேரம் தேடிவிட்டு ஒரு நாள் குறிபார்க்கும் சின்னக் குழாயைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். அது தென்னை மரத்தில் பட்டு, கூரையில் பட்டு, ஆட்டுத் தொட்டியில் விழுந்தது. இன்னொரு நாள் தனுசு ராசியை அவர் திட்டிய திட்டு, ராசிக்காரர்கள் கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பார்கள்.

"இது இப்படியே போனா கண்ணாடிய ஒடச்சிருவ" என்று உபகாரசாமி ஒரு யோசனை சொன்னார். கணினி வைத்துவிடலாம். "எங்குட்டுத் தள்ளணும்னு அது சொல்லும். நீ தள்ளு."

வந்து சேர்ந்த பொருள் இவ்வளவுதான்: தீப்பெட்டி அளவில் இரண்டு என்கோடர்கள். உள்ளே ஒரு வட்டத் தகடு, தகட்டின் விளிம்பில் மயிரிழைக் கோடுகள். ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். தகடு சுழலும்போது வெளிச்சம் விட்டுவிட்டு விழும். அதை எண்ணி எண்ணி, குழாய் எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துகொள்ளும். ஒன்றைப் பலகையின் அடியச்சில் மாட்டினால் வட்டத் திருப்பம் தெரியும். மற்றதைக் குழாயின் பக்க அச்சில் மாட்டினால் ஏற்ற இறக்கம் தெரியும். இரண்டிலிருந்தும் கம்பி ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டி கைப்பேசியோடு பேசும்.

மாட்டுவதற்கு ஆவணி மாதம் முழுசாகப் போயிற்று. அடியச்சுப் போல்ட்டை மாற்றச் சொன்னால் சம்மட்டி எடுத்தார். ஓட்டை போடச் சொன்னால் கான்கிரீட் துளைக்கிற இயந்திரத்தைக் கொண்டு வந்து பலகையை அலற வைத்தார். முதல் தாங்கித் தகடு அவர் முறுக்கிய முறுக்கில் இரண்டாக வந்தது.

"வேலு, இது போல்ட்டு. ஆளோட கழுத்து இல்ல. ரெண்டு வெரலு போதும்."

"ரெண்டு வெரல்ல எனக்குப் பழக்கமில்ல சார்."

"பழகு. இன்னும் அஞ்சு மாசம் பத்திரம் இருக்குல்ல."

மாட்டி முடித்ததும் மேலே தள்ளினால் திரையில் புள்ளி கீழே போனது. குழந்தைவேலு முஷ்டியை மடக்கினார். உபகாரசாமி அமைப்பில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக்கினார், புள்ளி மேலே போனது. இப்படியும் ஒரு தகராறு தீருமா என்று குழந்தைவேலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பிரகாச நட்சத்திரங்களைக் குழாய்க்குள் கொண்டு வந்து, இது இன்னார், இது இன்னார் என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். அவ்வளவுதான், மிச்ச வானத்தைப் பெட்டி தானே புரிந்துகொண்டது. தனுசில் அந்தப் பழைய விரோதியைத் தேர்ந்தெடுத்தார். திரையில் இரண்டு எண்கள். தள்ளத் தள்ளக் குறைந்தன. இரண்டும் பூச்சியமானதும் கண்ணை வைத்தார்.

கறுப்புத் துணியில் சீனியைக் கொட்டினது மாதிரி ஒரு கொத்து.

வாழ்நாளில் அடிக்காமல் அவர் சொன்ன பேச்சைக் கேட்ட முதல் பொருள் அதுதான். பிறகு தினமும் சாயங்காலம் மாடிதான். தெருவில் பாதிப் பேருக்கு முகவீக்கம் இல்லாமல் போனதற்குக் காரணம் இரண்டு தீப்பெட்டிகள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இதில் வருத்தப்பட்டவன் ஒருவன் உண்டு. தெற்குப் பக்கத்து வீட்டு முத்துக்கண்ணன், சித்தப்பா மகன். அவனிடமும் ஒரு ஜேசிபி இருக்கிறது. மழைக்கு முன்னால் கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டுகிற வேலை இந்த வருடம் குழந்தைவேலுவுக்குப் பேசியாகிவிட்டது. அண்ணன் உள்ளே போனால் வேலை தம்பிக்கு. அண்ணன் உள்ளே போவதற்குத் தேவை ஒரே ஓர் அடி. அதைத் தன் கன்னத்தில் வாங்கிக்கொள்ள முத்துக்கண்ணன் எட்டு மாதமாக உழைத்தான். இரண்டு மாடிகளுக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர். அதில் உட்கார்ந்துகொண்டு கன்னத்தைக் காட்டுவான்.

"என்னண்ணே, கை அரிக்கலையா? முந்தியெல்லாம் சிங்கம் மாதிரி இருந்தீக. இப்ப வாத்தியாரு வீட்டுப் பூனையாயிட்டீகளே."

குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் பூச்சியத்துக்குத் தள்ளுவார்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்குப் பத்திரத்தில் மூன்று மாதமும் சில நாட்களும் மீதி. ஜேசிபியைக் கழுவி, டயர் டயராக, லீவர் லீவராகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார் குழந்தைவேலு. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே பொட்டு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஹைட்ராலிக் பம்பின் மூடியைக் கழற்றி உள்ளே வைக்கிற ஆள் அவர். தொலைநோக்கிக்கும் மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார்.

மறுநாள் சாயங்காலம் ஏழரை மணி. உபகாரசாமியும் வந்திருந்தார். நிலா வெளிச்சம் இருந்ததால் சனிக் கிரகம் பார்ப்பதாக ஏற்பாடு. கிழக்கே வெறுங்கண்ணுக்கே தெரிந்தது சனி. ஆனாலும் குழந்தைவேலு பெட்டியைக் கேட்காமல் இப்போதெல்லாம் நிலாவைக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு நட்சத்திரங்களை அறிமுகம் செய்தார். திரையில் ஏதோ சிவப்பெழுத்து வந்தது, அதைத் தட்டிவிட்டார். எண்களைக் குறைத்துக்கொண்டே போனார். பூச்சியம், பூச்சியம். கண்ணை வைத்தார்.

கன்னங்கரேலென்று இருந்தது. தலையைத் தூக்கினார். குழாய் சனியைத் தாண்டி வெகுதூரம் போய், தெற்கே முத்துக்கண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி செய்தார். மறுபடியும் தொட்டி.

சுவரில் உட்கார்ந்திருந்த முத்துக்கண்ணன் சிரித்தான். "எங்க வீட்டுத் தொட்டிய எதுக்குண்ணே நோட்டம் பாக்குறீக? குளிக்கத் தண்ணி வேணும்னா கேட்டு வாங்கிக்கிருங்க."

குழந்தைவேலுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார். "எம் மிசினுல கை வச்சது நீதானடா?" என்று ஒரே தாவலில் போய் அவன் சட்டையை முறுக்கித் தூக்கினார். பொத்தான்கள் மாடியெல்லாம் தெறித்தன. முத்துக்கண்ணனின் கால்கள் தரையை விட்டன, முகம் மலர்ந்தது.

"அடிங்கண்ணே! அந்தக் கன்னத்துல! பலமா!"

முஷ்டி பின்னுக்குப் போனது. கீழேயிருந்து துர்காதேவி "ஏங்க, பத்திரம்!" என்று அலறிக்கொண்டு படியேறினாள். முஷ்டி புறப்பட்டுவிட்டது. திருப்ப முடியாது, வளைக்க மட்டும் முடிந்தது. முத்துக்கண்ணனின் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்தது. குழந்தைவேலுவின் விரல் முட்டிகள் நாலும் கிழிந்து ரத்தம் கொட்டியது.

இந்தச் சத்தத்தில் உபகாரசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அடியச்சு என்கோடரைக் கழற்றி எடுத்து அதன் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார். சிவப்பு விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"வேலு. உள்ளுக்குச் சந்தனம் வச்சது யாரு?"

மயிரிழைக் கோடுகள் மேல் வட்டமாக, அழகாக, நடுவில் குங்குமத்தோடு ஒரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. பொட்டு வந்த இடத்திலெல்லாம் பெட்டி எண்ண மறந்திருக்கிறது.

"நாந்தேன் சார்," என்றார் குழந்தைவேலு. "உள்ளதானே வேல நடக்குது?"

"நான் வைக்கச் சொல்லையில வெளிய வச்சாப் போதும்னேன்," என்றாள் துர்காதேவி. "கேட்டாத்தானே?"

குழந்தைவேலு முத்துக்கண்ணனின் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தை நீவியும் விட்டார். ரத்தம்தான் பூசிற்று. பிறகு சாக்கோட்டை வட்டாரத்தில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"தப்பு என் பேருல. மன்னிச்சிருப்பா."

எட்டு மாதமாக அடிக்குக் காத்திருந்தவனுக்கு மன்னிப்புக் கிடைத்தால் எப்படி இருக்கும்! "மன்னிப்பா? எனக்கெதுக்கு மன்னிப்பு? இந்தா, இப்ப அடிக்கிறீகளா இல்லையான்னு பாக்குறேன்" என்று சுவர் தாண்டி வந்து, தொலைநோக்கியை ஓங்கி ஒரு உதை விட்டான். குழாய் பலகைப் பெட்டியிலிருந்து எகிறித் தரையில் விழுந்து உருண்டது. உள்ளே எட்டு அங்குலக் கண்ணாடி மூன்றாகப் பிளந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கழற்றி வைத்திருந்த என்கோடர் அவன் செருப்புக்கடியில் நொறுங்கியது.

குழந்தைவேலு ரத்தக் கையைத் தன் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அடி விழுந்தது. முத்துக்கண்ணனின் இடது தாடையில் விழுந்தது. அடித்தவர் உபகாரசாமி.

ஒரு மாதம் குனிந்து உட்கார்ந்து அந்தக் கம்பிகளைப் பற்றவைத்தவர் அவர். இரும்பு ஸ்பானரைப் பிடித்த இடது கை அவரையும் மீறிப் போயிற்று. ஒன்றோடு விடவில்லை. முத்துக்கண்ணன் மல்லாந்து விழுந்ததும் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, "இது அடியச்சுக்கு! இது பக்க அச்சுக்கு!" என்று கணக்கு வைத்துக் குத்தினார். மூக்கு உடைந்தது, புருவம் கிழிந்தது. கோழி எலும்புக்குள் இவ்வளவு நாள் எங்கே இருந்ததோ, அவ்வளவும் வந்தது. குழந்தைவேலுதான் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்.

"சார், வேணாம் சார்! விடுங்க சார்! மனுசன் செத்துருவான் சார்!"

பிறர் அவரிடம் சொல்லித்தான் இந்த வசனங்கள் அவருக்குப் பழக்கம். சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழந்தைவேலுவே முத்துக்கண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஷேர் ஆட்டோவில் காரைக்குடி அரசு மருத்துவமனை. புருவத்தில் ஆறு தையல். விவரம் எழுத ஏட்டு ஈஸ்வரன் வந்தார். கட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற குழந்தைவேலுவைப் பார்த்தார். அவர் விரல் முட்டிகளில் ரத்தம். மேற்கொண்டு விசாரணை தேவைப்படாத முகத்தோடு தாளை எடுத்தார்.

"யாருய்யா அடிச்சது?"

முத்துக்கண்ணன் வீங்கிய வாயைத் திறந்தான். "அண்ணந்தேன்."

"நாந்தான் அடிச்சேன்," என்றார் வாசல்பக்கம் நின்ற உபகாரசாமி.

ஏட்டு அவரை மேலும் கீழும் அளந்தார். பிறகு தனியாக ஓரம் கட்டி, குரலைத் தாழ்த்தினார். "சார், படிச்சவுக நீங்க. இவனுக்குப் பயந்து பழிய ஏத்துக்கிறாதீக. போன தடவ உங்க பல்ல ஒடச்சவன்தானே இவன்?"

"நான் யாருக்கும் பயப்படல. ஸ்பானரால அடிச்சேன்."

"ஸ்பானரத் தூக்க முடியுமா உங்களால?"

"ஏட்டையா, சாருதேன் அடிச்சாரு," என்றாள் துர்காதேவி. "நான் கண்ணால பாத்தேன்."

"நீ புருசனுக்காகப் பேசாம வேற யாருக்காகம்மா பேசுவ?"

தாளில் எழுதத் தொடங்கினார். குழந்தைவேலு மறுத்துச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நாற்பத்தாறு வருடம் சேர்த்து வைத்த பெயர் அது. தை வரைக்கும் சிறை, வரத்துக்கால் வேலை தம்பிக்கு. கட்டிலில் கிடந்தவன் உடைந்த மூக்கோடு மெல்லச் சிரிக்கப் பார்த்தான். குழந்தைவேலு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய், ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டார்.

உபகாரசாமி ஏட்டைத் தாண்டிக் கட்டில் பக்கம் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "ஏட்டையா, இங்குட்டுப் பாருங்க" என்றார்.

ஏட்டு பார்த்தார். கையை மடக்கி, பின்னுக்கு இழுத்து, உபகாரசாமி முத்துக்கண்ணனின் மிச்சமிருந்த கன்னத்தில் ஒன்று கொடுத்தார். குளுக்கோஸ் பாட்டில் ஆடியது. பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு பலமாத்தான் அங்கயும் அடிச்சேன்," என்றார்.

"ஆமா! ஆமா! இவருதேன்! இவரத் தூரப் போகச் சொல்லுங்க!" என்று முத்துக்கண்ணன் கத்தினான்.

ஏட்டு ஈஸ்வரன் எழுதிய தாளைக் கசக்கி எறிந்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து, குழந்தைவேலுவிடம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பேனாவை உதறினார்.

"சார், உங்க முழுப் பேரு சொல்லுங்க."