திருகினால்தான் வேலை

கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைக்கும் என் இனத்தாரே, நம் படத்தைப் பார்ப்பதற்கு முன் எல்லோரும் நம் கையைத்தான் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

கட், கட்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் நானும் கணவரும் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, லென்ஸின் இடுப்பில் ஒரு வளையம் இருக்கும். திருகினால் உள்ளே இருக்கும் துளை சுருங்கும், விரியும். வெளிச்சம் அதற்கேற்ப வரும். முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் அவருக்கு, பெண்கள் பக்கம் எனக்கு. ஜவுளிக்கடை மும்தாஜ் அக்காவின் மூத்த மகள் நிக்காஹ்வில் நான் 'கட், கட்' என்று திருகியதை அக்கா கண்கொட்டாமல் பார்த்தார்.

"இன்னா திருகு திருகுது பாரு! படம் சோக்கா வரும்."

பிரியாணி யாருக்கு?

இரண்டாவது மகள் கல்யாணத்துக்குள் புது கேமரா வாங்கிவிட்டோம். லென்ஸில் அந்த வளையமே கிடையாது. கேமராவில் ஒரு சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் நகர்த்தினால் மின்சாரம் போய்த் துளையைத் திறந்து மூடும். சத்தமும் இல்லை, பார்ப்பவர்களுக்குத் தெரியவும் இல்லை. அக்கா முகம் சுருங்கியது. "எல்லாம் கேமராவே பண்ணிடும்க்கா" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப பிரியாணிய அதுக்கே வெச்சிடட்டுமா?"

நாடகம்

அக்காவின் மூன்றாவது மகள் கல்யாண ஆர்டர் கை நழுவிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் லென்ஸ் முனையில் வெயிலை மறைக்க மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தைப் போகிற வீடுகளிலெல்லாம் சும்மா திருக ஆரம்பித்தேன். ஊரில் நல்ல பெயர். ஒரு வளைகாப்பில் அது கழன்று பாயசத்தில் விழுந்தது. கரண்டியால் எடுத்துக் கொடுத்தார் கணவர்.

"லென்ஸை வூட்லயே வெச்சிட்டு இத மட்டும் எடுத்துகினு வா, போதும்."

உப்புக் காற்று

நாடகம் பலித்தது. மூன்றாவது நிக்காஹ், மாமல்லபுரத்தில் கடலோர மண்டபம். மாப்பிள்ளைக்கு மறுநாள் துபாய் விமானம். விட்டால் இன்னொரு நாள் கிடையாது. பெண் வந்து உட்கார்ந்ததும் புது கேமரா கண் சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டது. லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளும் தகடுகளில் கடல் ஈரம். துடைத்தேன், ஊதினேன், கெஞ்சினேன். கணவர் உள்ளே வர முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் திட்டத் திட்டப் பையில் போட்டு வைத்திருந்த பழைய கேமராவை எடுத்தேன். கட், கட். இந்த முறை நிஜமாகவே திருகினேன். எல்லாப் படமும் பளிச்சென்று வந்தது. ஆல்பத்தைப் புரட்டிய அக்கா நிமிர்ந்தார்.

"இப்பத்தான் வேலை செஞ்சிருக்கே. ரெண்டாவது பொண்ணையும் மாப்பிள்ளையையும் இட்டாரேன், அவங்களையும் திருகி எடுத்துடு."

லென்ஸில் மின்சாரத்தை நுழைத்த மேதைகள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள், மும்தாஜ் அக்காவைத் தவிர.