யாளிக்குக் கால் போன சேலை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு தறி போட்டேன், அதற்கு ஓட்டுக்கூரை போட்டேன், தங்கைக்கு வரனும் முடித்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. எங்கள் நெசவாளர் சங்கத்துக்குச் சரியான பெட்டியைத் தேர்ந்து கொடுத்ததும் நான்தான்.

பெட்டி என்பது தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு. கரையில் வரும் உருவமெல்லாம் அதில் கோத்த அட்டைகளின் துளைகளில்தான் இருக்கிறது. அட்டை கெட்டால் உருவம் கெட்டது.

அறுபதுகளின் கடைசியில் சங்கம் பன்னிரண்டு பெட்டி வாங்க இருந்தது. மாதிரிக்குப் பெரிதும் சின்னதுமாக இரண்டு வந்திருந்தன. பெரிய பெட்டியில் யாளி, தேர் என்று எதுவும் வரும். ஆனால் அட்டை மெல்லிசு. சின்னதில் மாங்காயும் அன்னமும்தான். அட்டை நல்ல தடிமன். சங்கத் தலைவர் பெரியதில் மயங்கிவிட்டார்.

"தறிக்குழி ஈரத்துக்கு இந்த அட்டை தாங்குமா?" என்றேன்.

"மூணாங்கிளாஸ் சொல்லுது, கேட்டுக்கோங்கபா!" என்றார். கூடம் சிரித்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெரிய பெட்டிய என் தறியிலயே மாட்டுங்க. தங்கச்சி முகூர்த்தச் சேலைய அதுல நெய்யறேன்" என்றேன். முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருந்தது.

முதல் நாள் வெயில். யாளி பாய்ந்து வந்தது. மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் அட்டை உப்பித் துளை அடைபட்டால் தறி நின்றுவிடும் என்றால் பயமில்லை. அது நிற்காது, தவறையும் அதே வேகத்தில் நெய்துகொண்டே போகும். ஒவ்வொரு மிதிக்கும் என் பக்கத்துக் கரையையே பார்த்தேன். ஐந்தாம் நாள், மறுகரையில் உட்கார்ந்து ஊடைநூல் நாடாவைப் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள்.

"இன்னாங்க, யாளிக்கு முன்னங்கால காணோம்?"

சுருட்டியதை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு முழமாகவே கால் இல்லை. தலைவரை அழைத்துக் காட்டினேன்.

"ஒரு கால்தானேபா? எவன் எண்ணிக்கினு இருக்கப் போறான்?"

"அப்போ இத்த உங்க பொண்ணுக்கு எடுத்துக்கினு போங்கண்ணே" என்றாள் மனைவி.

நெய்ததை அறுத்தெடுத்தேன். கரை நூலை ஒவ்வொன்றாகச் சின்னப் பெட்டிக்கு மாற்றிக் கட்டவே இரண்டு நாள் போயிற்று. மிச்சம் பதின்மூன்று நாள். சோறும் தறிக்குழியில்தான். மழை விடவில்லை, ஒரு மாங்காய்கூடக் கோணவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின மாலை தங்கை கையில் சேலையைக் கொடுத்தேன். சங்கம் பன்னிரண்டையும் சின்னப் பெட்டியாகவே வாங்கியது.

இன்று சங்கக் கூடத்துப் பலகையில் 'தலைவரின் தொலைநோக்கால் வந்த பெட்டிகள்' என்று இருக்கிறது. தன் வீட்டுச் சேலையை அறுத்தது அவரா? அந்தப் பலகையை இறக்குங்கள். தேர்ந்தெடுத்தவன் நான் என்று எழுதி மாட்டுங்கள். கால் இல்லாததைக் கண்டவள் என் மனைவி. அவள் பெயரும் பக்கத்தில் வரவேண்டும்.