வசாய் கோட்டையில் செத்துப் பிழைத்தவர்

என் மாமியார் மும்பை தாராவிக்கு வந்து முப்பது வருடமாகியும், கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் இந்தி பேசுவார். ஆனால் தினமும் பார்க்கும் இந்தி ராஜா ராணி சீரியலில் ஒரு வசனமும் அவருக்குத் தப்பாது. அதில் வரும் கோட்டை வசாயில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ராணி குதிரையில வருவாள்லா, அந்த வாசலுக்குப் பொறத்தால என்ன இருக்குன்னு காட்டவே மாட்டேங்கான். போய்ப் பாப்பமா?"

எனக்கும் அது தெரியவேண்டும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை தாதரில் வசாய் வழியாகப் போகும் விரார் வண்டி பிடித்தோம்.

நாங்கள் போன அன்றே படப்பிடிப்பு. கோட்டை வாசலுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். மதில் நிழலில் கவசம் போட்ட வீரர்கள் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். மாமியார் என் கையை இறுக்கினார்.

"அந்தா அவன் செத்துல்லா போனான்! போன வாரம் நெஞ்சுல ஈட்டி பாஞ்சு!"

சத்தம் கேட்டு அந்த வீரர் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

"தமிழா ஆன்ட்டி? நானும் தமிழ்தான், வீடு மான்குர்த்துல. போன வாரம் ராணி படை. செத்துட்டேன்ல, இப்போ எதிரி படை."

பெயிண்டிங் வேலை இல்லாத நாட்களில் ஷூட்டிங்குக்கு வருகிறவராம்.

"எத்தனை தடவ செத்திருக்கீரு?"

"இந்த சீரியல்ல ஒம்பது. லஞ்சுக்கு அப்புறம் பத்தாவது."

ஈட்டியை மாமியாரிடம் கொடுத்தார். முனை ரப்பர். முதலில் முட்டி, அப்புறம் தோள், கடைசியில்தான் தலை தரையில் படவேண்டும் என்று விழும் விதத்தையும் விளக்கினார். "விழறது ஈஸி. கட் சொல்ற வரைக்கும் எறும்பு கடிச்சாலும் அசையக்கூடாது. அதுதான் கஷ்டம்."

இடைவேளையில் எங்களை வாசலுக்குள் அழைத்துப் போனார். உள்ளே அரண்மனை இல்லை. இன்னொரு மதில், ஒரு திருப்பம், அதைத் தாண்டிப் புல்வெளி. கூரையில்லாத சர்ச் சுவருக்குள் ஆடுகள் மேய்ந்தன.

"ராணி மஹால் ஸ்டுடியோவுல இருக்கு. எல்லாம் பிளைவுட்."

மாமியார் அருகிலிருந்த தூணைத் தட்டினார். கல். அடுத்த வளைவைத் தட்டியதும் டொக்கென்றது.

"அது நேத்து வச்சது," என்றார் அவர்.

அதன்பின் மாமியார் எதையும் தட்டாமல் விடவில்லை. நானும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நம்மவருக்கு ஈட்டி பாய்ந்தது. முட்டி, தோள், தலை. எல்லாம் தெரிந்திருந்தும் மாமியார், "ஐயோ! பாவி, கொன்னுட்டானே!" என்று அலறிவிட்டார்.

"கட்!"

மொத்த யூனிட்டும் எங்களைப் பார்த்தது. ஒருவர் கோபமாக ஓடி வந்தார். "மாஃப் கரோ பேட்டா," என்று கடைக்குப் போய்வரும் இந்தியில் மன்னிப்புக் கேட்டார் மாமியார். பிணத்தின் வயிறு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை அவர் சாகும்போது மாமியார் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது மாமியார் கேட்டார்: "வீட்டுல உம்ம டிவியில பாப்பாங்களா?"

"பொண்டாட்டி பார்ப்பா. கூட்டத்துல நான் எங்க இருக்கேன்னு விரல் வச்சுக் காட்டுவா. பொண்ணு மட்டும், நான் சாகுற அன்னைக்கு வெளிய போயிடுவா."

திரும்பும் ரயிலில் போரிவலி தாண்டியதும் மாமியார், "அந்தக் கோட்டையில நெசமாவே சண்டை நடந்துச்சாட்டி? யாரு செத்தா?" என்றார்.

போனில் தேடினேன். போர்ச்சுகீசியர் கட்டியது, மராத்தியர் முற்றுகையிட்டுப் பிடித்தது என்று ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். தாதரில் இறங்க மறந்துவிட்டோம்.