வெந்நீருக்கு ஒரு கட்டுமரம்

ஒரு மனிதனின் படகை வெட்டி, பிளந்து, எரித்து, அந்தச் சூட்டில் காய்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தவன் நான். முழுப் படகு அல்ல, மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு போன படகு கடலில் நிற்காது என்பதால் அந்தக் கணக்கு எனக்கு எந்தச் சலுகையும் தராது. தண்ணீரும் ஒழுங்காகச் சுடவில்லை. தப்புச் செய்தால்கூட அதை உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் தாமிரபரணித் தண்ணீர் பாயும் நெல்வயல் ஊர்க்காரன். தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் மிதக்கும் பொருள் எதைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. என் மனைவி நர்ஸ். போன வருஷம் வேம்பார் போகும் கடற்கரை ரோட்டில் ஒரு மீனவ ஊருக்கு அவளுக்கு மாற்றல் வந்தது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், மணல் முடிந்தால் கடல். அப்படி ஒரு வீடு பிடித்துக் குடிபோனோம்.

மார்கழி வந்தது. தூத்துக்குடிச் சீமையில் குளிரா என்று மலையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில் வாடைக்காற்று ஈரத்தோடு எலும்புக்குள் புகும்போது இங்கே வந்து சிரிக்கட்டும். என் மனைவிக்கு இடுப்பு வலி வேறு. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. வெந்நீர் ஊற்றாவிட்டால் அவளால் குனிய முடியாது. வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி ஒன்று இருந்தது. உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, ஒருநாள் என்னைத் தொட்டுப் பார்த்தது. நான் வாளியோடு வாசல்வரை போனேன். அன்றோடு அந்தக் கம்பிக்கு வீட்டில் தடை.

அப்புறம்தான் பழைய பாத்திரக் கடையில் அந்தச் செம்பு பாய்லரைக் கண்டேன். நடுவில் ஒரு குழாய், அதற்குள் விறகு, சுற்றிலும் தண்ணீர். தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கோயில் கலசத்தைச் சுமந்து வருகிறவன்போல நடந்தேன்.

"விறகுக்கு எங்க போவீங்க?" என்றாள் மனைவி.

"விவசாயி மகன்ட்ட கேக்குற கேள்வியா இது?"

நான் விவசாயி மகன்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய விவசாயி மகன். அது அவளுக்கும் தெரியும்.

உப்பளத்து ஓரமெல்லாம் உடைமரம். அனுமதி கேட்டு, ஒரு வாரம் காலையில் போய் வெட்டினேன். கையில் பதினோரு முள், டூவீலரில் இரண்டு பஞ்சர். உடை கடுமையான மரம். கோடாலி அதன் மேல் விழுந்து, 'யார் நீ?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவரும். ஆனாலும் வெட்டினேன், சுமந்தேன், கொல்லைச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அட்டியாக அடுக்கினேன். தடியெல்லாம் கீழே, சுள்ளி மேலே, முகப்பெல்லாம் ஒரே வரிசை. போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தேன். மழைக்குத் தார்ப்பாயும் போட்டேன். மழை பெய்தது. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கியது. அது இறங்கட்டும் என்று ஒரு கம்பியால் நடுவில் ஓட்டை போட்டேன். இறங்கியது. நேராக அட்டியின் வயிற்றுக்குள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி தலையில் எண்ணெய் தேய்த்து முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பாய்லர் முன்னால் படுத்து ஊதுகிறேன். புகை வருகிறது. புகை மட்டும்தான் வருகிறது.

"எண்ணெய் காதுக்குள்ள எறங்குது," என்றாள். "வெந்நீர் இன்னைக்குள்ள வருமா, நாளைக்கா?"

"பத்து நிமிசம்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து ஓடினேன்.

கடற்கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே கோயிலில் பூசைக்கு நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு. அந்தப் பாட்டுக்கு நடுவே, மணலில், தனியாக, இரண்டு ஆள் நீளத்தில் ஒரு மரத்தடி! எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கேயோ கப்பலிலிருந்து விழுந்து, அலை தள்ளி, எனக்கென்று கரை ஒதுங்கிய விறகு! ஒரு முனை மேல்நோக்கி வளைந்து, அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது. கடல்தான் எவ்வளவு அழகாகச் செதுக்கியிருக்கிறது என்று வியந்தேன். குறுக்கே கயிறு பதிந்த தடங்கள்கூட இருந்தன. கப்பலில் கட்டியிருப்பார்கள் என்று துப்பறிந்தேன். சற்றுத் தள்ளி ஓலைக்குக் கீழே இன்னும் இரண்டு கிடந்தன. அடுத்த வாரத்துக்கு ஆகும்.

ஒரு முனையைத் தூக்கி இழுத்தேன். வந்தது! அத்தனை பெரிய தடி, ஒற்றை ஆளாக! உடை வெட்டிய ஒரு வாரத்தில் உடம்பு இப்படி முறுக்கேறிவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். தடி லேசானது என்று தோன்றவே இல்லை. நான் பலசாலி என்றுதான் தோன்றியது.

ரம்பம் வைத்தால் பூசணிக்காய் அறுப்பதுபோல் இறங்கியது. கோடாலி போட்டால் ஒரே அடியில் இரண்டு. பூசை முடிவதற்குள் மொத்தத்தையும் துண்டு போட்டுவிட்டேன். பாய்லர் குழாயில் திணித்துப் பற்றவைத்ததும் காகிதம்போலப் பிடித்து, ஆளுயரத்துக்கு எழுந்து, அடுத்த விறகு எடுப்பதற்குள் சாம்பலானது. கையளவு கங்குகூட நிற்கவில்லை. கால்வாசித் தடி போனபிறகு கிடைத்தது வெதுவெதுப்பான தண்ணீர். மனைவி குளித்தாள். மிச்சத்தில் நான் பாடிக்கொண்டே குளித்தேன்.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் கொல்லை வாசலில் ஒரு மனிதர். ஐம்பது வயதிருக்கும். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். பார்த்தால் தலையசைக்கிற பழக்கம். அவர் என்னைப் பார்க்கவில்லை, விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடற்கரையிலிருந்து என் வாசல்வரை, தடியை இழுத்த தடம் மணலில் வாய்க்கால் போலக் கிடந்தது.

நான் தாராளமானவன். "வாங்க அண்ணாச்சி! விறகு வேணுமா? ரெண்டு துண்டு எடுத்துக்கிடுங்க. அங்கன ஓலைக்கு அடியில இன்னும் ரெண்டு தடி கெடக்கு, ஆளுக்கொண்ணா எடுத்துக்கிடுவோம்."

அவர் ஒரு துண்டைக் குனிந்து எடுத்தார். குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்தார்.

"இது விறகில்ல வே," என்றார். "என் கட்டுமரம். நடுத்தடி. தண்ணி குடிச்சுக் கனத்துப் போச்சின்னு கட்டைப் பிரிச்சி ஓலைக்கு அடியில காயப் போட்டிருந்தேன். காலையிலதான் இத மட்டும் வெயிலுக்கு இழுத்துப் போட்டேன்."

எனக்குத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அப்படியே குளிர்ந்தது. கட்டுமரம் என்றால் மரங்களைக் கட்டியது என்று ஐந்தாம் வகுப்பில் படித்தேன். கட்டியதை அவிழ்ப்பார்கள் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். மனைவியும் ஈரத் தலையோடு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். பணம் தருகிறேன் என்றேன்.

"ரூவாயத் தூண்டில்ல கட்டிப் போட முடியுமா வே? கணவாய் மீனு இப்பத்தான் கரை ஓரமா வந்துருக்கு. பத்து நாள் நிக்கும், அப்புறம் போயிரும். எல்லாவனும் பைபர் படகு போட்டு வச்சிருக்கான். எனக்கு இந்த மூணு தடிதான். இது கேரளத்து மலை மரம், புதுசு சொல்லிவிட்டா வர ஒரு மாசம் ஆவும்." துண்டை அட்டியின் மேல் திரும்ப வைத்தார். வரிசை பிசகாமல் வைத்தார், அதுதான் என்னைக் கொன்றது. "எனக்குத் தடி வேணும். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு. ஓலைக்கு அடியில் மிஞ்சியிருந்த தடியை ஒரு கயிற்றால் அளந்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, பருமனுக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு டூவீலரில் தெற்கே கிளம்பினேன். யாரோ பழைய கட்டுமரத்தைக் கைவிட்டிருப்பார்கள், அதில் ஒரு தடி கிடைக்காதா? காயல்பட்டினம்வரை போனேன். கயிறுதான் மிச்சம். போகிற ஊரிலெல்லாம் எனக்கு முன்னால் என் புகழ் போன் வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏலே, படகை ஒளிச்சு வைங்கலே, வெந்நீர் ஆபீஸர் வந்துட்டாரு!" என்று சத்தம் போட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

செவ்வாய்க்கிழமை மனைவியும் லீவு போட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். "தனியா விட்டா இன்னொருத்தர் தடியை இழுத்துட்டு வந்துருவீங்க" என்பது அவள் சொன்ன காரணம். வடக்கே போனோம். வேம்பாரில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

"அவங்க எதுல உக்காந்துருக்காங்கன்னு பாருங்க."

இரண்டு கல்லின் மேல் ஒரு தடி. ஒரு முனை மேல்நோக்கி வளைந்து! உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்துப் போயிருந்தது. நான் டீயைச் சிந்திக்கொண்டு ஓடிக் கயிற்றை விரித்தேன். "கொஞ்சம் எந்திரிங்க அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க!" நாலு பேரும் தேள் கொட்டியதுபோல் எழுந்தார்கள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. பருமன் மட்டும் ஒரு விரல்கடை அதிகம். நான் குதித்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

கடைக்காரர் அண்ணாச்சி கரண்டியோடு வெளியே வந்தார். "எங்க அப்பா கட்டுமரத்துத் தடி அது. தர முடியாது. ஆளுக இருக்கதுக்கு எடம் வேணும்லா?"

"எங்க வீட்ல தேக்கு பெஞ்சு இருக்கு, தாரோம்," என்றாள் மனைவி. அது அவள் கல்யாணத்துக்கு வந்த பெஞ்சு. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் யோசித்தார். அவருக்குப் பின்னால் டீ அடுப்பில் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகையை எனக்குத் தெரியும். அதன் முன்னால் நான் படுத்து ஊதியிருக்கிறேன்.

"உடை விறகு ஒரு அட்டி இருக்கு அண்ணாச்சி," என்றேன். "ரெண்டு வெயில் பட்டாப் போதும், கங்கு நின்னு எரியும்."

"உடையா?" கரண்டி கீழே இறங்கியது. "அடுப்புக்குத் தக்கன பொளந்து தருவீரா?"

அன்று சாயங்காலமே ஒரு குட்டியானை வண்டியில் பெஞ்சும் விறகும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேம்பார் வந்தோம். கடை முன்னால் நின்று பிளந்தேன். என் ஒரு வார அட்டி, என் ஸ்டேட்டஸ் அட்டி, முழுவதும். உட்கார இடம் போன நாலு பேரும் புதுப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏலே, கணுவுல போடுதாரு பாரு."

"படகுன்னா நல்லா வெட்டுவாரு. விறகுதான் வரல."

கை கொப்புளித்தது. ஆனால் சொன்னால் நம்புங்கள், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கடைசித் துண்டு பிளந்து விழுந்ததும் அந்த நாலு பேரும்தான் தடியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். "பாத்து வே, வழியில குளிர் எடுத்தா எரிச்சுப்புடாதீரும்."

புதன்கிழமை காலையில் கட்டுமரக்காரர் தடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், மோந்தார், நகத்தால் கீறினார். நானும் மனைவியும் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றோம். பிறகு வாச்சியை எடுத்து அதிகமிருந்த விரல்கடையைச் செதுக்க ஆரம்பித்தார். சீவல் சுருள் சுருளாக மணலில் விழுந்தது. முடித்ததும் காலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"இதுதான் விறகு. அள்ளிட்டுப் போரும்."

அள்ளினேன். ஒரு துணுக்கு விடாமல் அள்ளினேன்.

மூன்று தடியையும் சேர்த்துக் கட்டும்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க என்னை விட்டார். வியாழக்கிழமை விடியலில், வாடையில் பல் கிட்டிக்க, நானும் மனைவியும் கரையில் நின்றோம். அவர் கட்டுமரத்தைத் தண்ணீருக்குள் தள்ளி ஏறினார். அலை தூக்கியது. ஒரு கணம் நடுத்தடி மட்டும் தனியாகத் துள்ளுவதுபோலத் தெரிந்தது. பிறகு மூன்றும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக இறங்கி, துடுப்புக்குக் கட்டுப்பட்டு நேராகப் போயின. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. மனைவி கேட்டிருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அன்றைக்கு நான் ஆபீஸுக்குத் தாமதமாகத்தான் போனேன். அவர் திரும்பும்வரை காத்திருந்தேன். கூடை நிறையக் கணவாய். உள்ளங்கை நீளத்தில் இரண்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார், என்னைப் பார்க்காமல். கட்டை அவிழ்க்காமல் கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்தார். நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன். கனத்தது. உண்மையாகவே கனத்தது.

கொஞ்சம் தைரியம் வந்தது. "அண்ணாச்சி, நானும் ஒருநாள் உங்ககூடக் கடலுக்கு வரட்டுமா?"

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வாரும். கோடாலிய வீட்டுல வச்சிட்டு வாரும்."