இறங்க மறுத்த மண்மேடு

என் சித்தப்பா வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தப்பவே வாசப்படியில ரசமட்டம் வச்சுப் பார்த்த மனுஷன்" என்பாள் சித்தி. "கோணலாத்தான் இருந்துச்சு" என்பார் அவர், இன்றைக்கும்.

அளவுக்காரர் வேலைக்கு இந்தக் குணம் பொருந்தியது. மருத்துவமனை கட்டவிருந்த ஓர் இடத்தில் அப்போது அவருக்கு வேலை. மேலே காய்ந்த தரை. அடியில் குழைந்த களிமண். அப்படியே கட்டினால் கட்டடம் ஒரு பக்கமாக உள்ளே போகும். அதனால் கட்டடத்தின் எடைக்கு மேலாகவே மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அந்தப் பாரத்தில் களிமண்ணிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்; நிலம் மெல்ல அமுங்கும். அமுங்கி அடங்கிய பிறகே மேட்டை அகற்றி அஸ்திவாரம் போட முடியும்.

அடங்கிவிட்டதா என்று சொல்ல வேண்டியவர் சித்தப்பா. மேட்டின் அடியில் புதைத்த தகடுகளிலிருந்து இரும்புக் கம்பிகள் மேலே நீண்டிருந்தன. அந்த இடத்தின் வாசல் தூணில் அவரே போட்ட சிவப்புக் குறியை அசையாத அளவாகக் கொண்டு, கம்பிகள் எவ்வளவு இறங்கின என்று மட்டம் பார்க்கும் லெவல் கருவியில் பார்ப்பார்.

நன்றாக இறங்கிக்கொண்டிருந்த கம்பிகள் ஒரு வாரம் இறங்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

"நின்னுடுச்சு சார்! மேட்டை எடுத்துடலாம்" என்றாள் இளம் இன்ஜினியர்.

அவளுடைய சந்தோஷமே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. "களிமண்ணு இவ்வளவு சீக்கிரம் அடங்காது மேடம்."

"அளந்தது நீங்கதானே சார்?"

யாரோ கம்பிகளைத் தூக்கிவைக்கிறார்கள் என்று சித்தப்பா முடிவுகட்டினார். முதலில் லாரி டிரைவர்: இடித்துவிட்டுச் சத்தமில்லாமல் நிமிர்த்தியிருப்பான். பிறகு காவலாளி: கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. பிறகு இன்ஜினியரே: அவளுக்குத்தான் அவசரம். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று, கம்பிகள் மண்ணைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பு பூசி நூல் கட்டினார்.

"கம்பிக்கு அடிபட்டுடுச்சா சார், கட்டுப் போடறீங்க?" என்றான் டிரைவர்.

"யாரு அடிச்சான்னு தெரியணும்ல."

மறுநாள் நூல் அறுபடவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை. கட்டிய மாதிரியே திரும்பக் கட்டத் தெரிந்த ஆள் யார் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அந்த யோசனையோடு வாசலுக்கு வந்தபோது, காவலாளி இரும்புக் கேட்டைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். அது சாலைப் பக்கத் தரையில் உரசிக் கிறீச்சிட்டது.

"கேட்டை என்னய்யா பண்ணின?"

"நான் என்ன சார் பண்ணுவேன்? மழையில லாரி உள்ள போக முடியாம இங்கேயே மண்ணைக் கொட்டினாங்கல்ல, அதுலேர்ந்து இப்படித்தான். கேட்டு தூணுலதானே தொங்குது? தூணைக் கேளுங்க."

சித்தப்பா தூணைப் பார்த்தார். பக்கத்திலேயே மேட்டின் சரிவு வந்து முட்டிக்கொண்டிருந்தது. சாலைக்கு அப்பால், பாறை வரை தூண் இறக்கிக் கட்டிய பாலம் ஒன்று உண்டு. அதிலிருந்த அளவுக் குறியிலிருந்து அளவெடுத்தார். கொட்டிய மண்ணின் பாரத்தில் வாசல் தூணும் இறங்கியிருந்தது. தூணும் கம்பிகளும் சேர்ந்தே இறங்கியதால், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவர் அந்தக் குறியை மட்டும் சந்தேகப்படவில்லை. அவர் போட்ட குறியாயிற்றே.

மேட்டை அள்ள லாரிகள் வெளியே வரிசையில் நின்றன. பேசாமல் இருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோயாளிகள் படுத்த பிறகு சுவர் விரிசல் விட்டுச் சொல்லும். சொன்னாலோ, இத்தனை வருடம் கட்டிக்காத்த பேர் போகும்.

கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார். "மேடம், ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

அவர் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்ததும் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "வேலை தொடங்குதுன்னு மேல சொல்லியாச்சே சார். என்னைத்தான் திட்டுவாங்க."

"என் பேரைச் சொல்லுங்க. லாரியை முதல்ல அனுப்பிடுங்க."

"மண்ணு வேணும்னு கூப்பிடுவீங்க, வேண்டாம்னு துரத்துவீங்க" என்று டிரைவர் முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினான். மேடு அப்படியே நின்றது. சித்தப்பாவின் வேலையும் நிலைத்தது, ஒரு நிபந்தனையோடு: அவர் எடுக்கும் அளவை இன்னொருவரும் பார்க்க வேண்டும்.

அடுத்த அளவு பாலத்துக் குறியிலிருந்து. அவர் பார்த்து முடித்ததும் இன்ஜினியர் வந்து, அதே கம்பியைக் கருவியில் தானும் பார்த்தாள்.

"சந்தேகமா மேடம்?"

"ஆமா சார்."

"நல்லாப் பாருங்க" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.