ஊதாத் துணிக்குள் ஐந்து கூண்டு

எங்கள் கார் வெயிலில் நிற்கிறது. போர்ச்சில் பறவைகள் குடியிருக்கின்றன. சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பில் வேறெந்த வீட்டிலும் இந்த அநியாயம் இல்லை. பிற்பகலில் காரில் ஏறி உட்கார்ந்தால் இருக்கை தோசைக்கல்லாகச் சுடும். கேட்டால், "காடிக்கு உசுரா இருக்கு?" என்பார் என் வீட்டுக்காரர்.

மெர்போக் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையை விட்ட மறுவாரமே கையில் ஒரு கூண்டோடு வந்து நின்றார். இப்போது ஐந்து. ஒன்றில் புறா ஜோடி, ஒன்றில் சிட்டுகள், இரண்டில் லவ் பேர்ட்ஸ், கடைசிக் கூண்டில் தனியாக ஒரு காக்கட்டேல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். கல்யாணத்துக்குக் கிளம்பியது போலவே எந்நேரமும் இருக்கும். கொஞ்சுவது அவர் வேலை. தட்டைக் கழற்றி எச்சம் சுரண்டுவது, தண்ணீர் மாற்றுவது, தினைத் தோலை ஊதித் தள்ளுவது, எறும்பு ஏறாமல் பார்ப்பது என் வேலை. விருந்தாளி வந்தால் "நம்ம பறவைங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். நான் துடைப்பத்தோடு பின்னால் நிற்பேன்.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் படுத்தபடியே அவர் ஒரு விசில் அடிப்பார். காப்பி வேண்டுமாம். வாயைத் திறந்து கேட்கச் சோம்பல். நான் அடுப்படியிலிருந்து "வரேன்லா!" என்று கத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். காக்கட்டேல் வந்த கொஞ்ச காலத்திலேயே அந்த விசிலை அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டது. வீடு அமைதியானால் போதும், அடித்துவிடும். நான் காப்பியோடு ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தில், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் நடக்கும். போன முறை எங்கள் வீட்டில் பாட்டை ஆரம்பித்ததும் லவ் பேர்ட்ஸும் ஆரம்பித்தன. நாங்கள் குரலை உயர்த்த, அவையும் உயர்த்த, கடைசியில் அவைதான் ஜெயித்தன. அன்பியத்தின் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊருக்கே டீச்சர். "இனிமே உங்க வீட்டுல வைக்கணுமான்னு யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை.

தவக்காலத்தில் மறுபடி எங்கள் முறை வந்தது. இந்தத் தடவை சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாகச் சொல்லி ஜெபிப்பது. நான் அவரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"ஒரு சத்தம் வந்துச்சு, மறுநாள் காலையில அஞ்சு கூண்டும் யானுக்கு, என் தம்பி ஊருக்குப் போயிரும். அவன் வயக்காட்டு ஓரமா வச்சிப் பாத்துக்குவான்."

அவர் காக்கட்டேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அன்று சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது.

கூண்டை மூடி இருட்டாக்கினால் பறவைகள் அடங்கிவிடும். ஆனால் எங்களிடம் இருந்தவை பழைய சாரோங் கைலிகள், ஓட்டை விழுந்தவை. டீச்சர் வரும் வீட்டில் அதைத் தொங்கவிட முடியுமா? தவக்காலக் கடைசியில் கோவிலில் உள்ள புனிதர் சிலைகளை, அதாவது சுரூபங்களை, ஊதாத் துணியால் மூடி வைப்பார்கள். அந்த உறைகளைத் தைப்பது நான்தான். அந்த வருஷம் துணி மிஞ்சியது. எடுத்துக்கொள்ளச் சொல்லி பாதரே கொடுத்திருந்தார். ஒரே மூச்சில் ஐந்து உறைகள் தைத்தேன். கை பழகிய பழக்கம், மேலே குவித்து, பக்கங்களில் மடிப்பு விட்டு, கீழே நாடா கட்டி, புனிதர்களுக்குத் தைப்பது போலவே தைத்துவிட்டேன். என் மரமண்டைக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாக டீச்சர் வந்தார். போர்ச் சுவரோரம் வரிசையாக ஐந்து ஊதா உருவங்கள். கேட்டருகிலேயே நின்று சிலுவை அடையாளம் போட்டார்.

"அடேயப்பா, பறவைங்க இருந்த எடத்துல இத்தன சுரூபமா?"

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஆமாங்க டீச்சர்."

அவரை அங்கேயே கொன்றிருப்பேன். தவக்காலமாயிற்றே என்று விட்டேன்.

அடுத்தடுத்து வந்தவர்கள் டீச்சரைப் பார்த்துத் தாங்களும் சிலுவை போட்டு, ஒவ்வொரு கூண்டையும் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாவதைத் தொட்ட ஓர் அக்கா, "ஐயோ, சுரூபம் ஆடுதுலா!" என்றார். "காத்துங்க" என்றார் இவர். காற்றே இல்லை. ஹாலில் இடம் போதாமல் பாதிப் பேர் போர்ச்சில், அந்த ஐந்து பேருக்கு முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள்.

பாடினோம். ஒரு கீச்சு இல்லை. ஸ்தலம் ஸ்தலமாக நகர்ந்தோம். லவ் பேர்ட்ஸ் தூங்கிவிட்டன போல. என் வீட்டுக்காரர் முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் ஏறியது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது. சத்தத்துக்கு மட்டும்தான் நாங்கள் பயந்திருந்தோம்.

பன்னிரண்டாம் ஸ்தலம். ஆண்டவர் உயிர்விடும் இடம். எல்லோரும் முழந்தாளிட்டோம். தலை கவிழ்ந்தது. பேச்சில்லை, மூச்சுகூட இல்லை. அப்படி ஓர் அமைதி.

விசில் அடித்தது.

"வரேன்லா!" என்று கத்தினேன்.

கத்தியதோடு நிற்கவில்லை. பாதி எழுந்தும் விட்டேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் மெதுவாக எழுந்து போர்ச்சுக்குப் போய், கடைசி உறையின் நாடாவை அவிழ்த்துத் தூக்கினார். மஞ்சள் கொண்டை விறைத்து நின்றது.

"இது எந்தப் புனிதர்?"

"காக்கட்டேலுங்க, டீச்சர்" என்றார் இவர், முழந்தாளிட்டபடியே.

யாரோ ஒருவர் பொத்திய கைக்குள் சிரித்தார். பிறகு ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. உறையைப் பழையபடி இறக்கிவிட்டு வந்து, மிச்ச ஸ்தலங்களை ஒரு வார்த்தை விடாமல் முடித்தார். போகும்போது கேட்டருகில் என் கையைப் பிடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு போனப்புறம் வீட்டுல கூப்பிட ஆளில்ல. இப்ப யாராச்சும் கூப்பிட்டா நானும் இப்படித்தான் கத்துவேன். கோவில்லயே கத்துவேன்."

நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காப்பி குடிச்சிட்டுப் போங்க என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எழுந்து வெளியே போனால், என் வீட்டுக்காரர் கூண்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். புறா, சிட்டு, லவ் பேர்ட்ஸ் எல்லாம் பின் இருக்கையில். காக்கட்டேல் முன் இருக்கையில், பெல்ட் போட்டு. அவர் கண் சிவந்திருந்தது.

"எங்க?"

"யானுக்கு. சொன்னா சொன்னதுதான."

"ஜெபத்துல கத்துனது யாரு?"

"நீ."

"அப்ப யானுக்குப் போகவேண்டியது யாரு? நான்தான? போகவா?"

அவர் காரைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசித்தார். ஆமாம், யோசித்தார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த அமைதியில், முன் இருக்கையிலிருந்து விசில் வந்தது.

"வரேன்லா" என்று கார்க் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினேன்.